பேக்லிங்க் வாங்கினால் தேடலில் முன்னுக்கு வர முடியுமா?

கேள்வி: 2024 செப்டம்பர் 4

எங்கள் குடும்பம் பவானியில் கைத்தறியில் ஜமக்காளம் நெய்கிறது. சொந்தமாக ஓர் இணையதளம் வைத்து விற்கிறோம். கூகுளில் 'பவானி ஜமக்காளம்' என்று தேடினால் எங்கள் தளம் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. முதல் பக்கத்தில் வருகிறவர்களில் சிலர் விசைத்தறி விரிப்பைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்கள். தளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் வேலை செய்யும் ஓர் எஸ்இஓ நிறுவனம் 500 பேக்லிங்க், அதாவது வேறு தளங்களிலிருந்து எங்கள் தளத்தைச் சுட்டும் இணைப்புகள், போட்டுத் தருவதாகவும், மூன்று மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாகவும் சொல்கிறது. அவர்கள் கேட்கும் தொகை எங்களுக்கு ஒரு மாதப் பாவு நூல் செலவு. மாதிரிக்கு ஐந்து இணைப்புகளை இலவசமாகப் போட்டும் காட்டியிருக்கிறார்கள். இணைப்பு அதிகமானால் தரவரிசை உயரும் என்பது உண்மைதானே? வாங்கலாமா?

செப்டம்பர் 4, இரவு

வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை நூலுக்கே செலவிடுங்கள். காரணத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன். அதற்குள் அந்த ஐந்து மாதிரி இணைப்புகளின் முகவரிகளை இங்கே இடுங்கள்.

செப்டம்பர் 5

வெளித் தளங்களிலிருந்து வரும் இணைப்புகளுக்குத் தேடுபொறியில் மதிப்பு உண்டு என்பது உண்மை. அந்த மதிப்பு எண்ணிக்கையில் இருக்கிறது என்று நம்ப வைப்பதில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. எனவே மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த, பின்னர் கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் பிரிஸ்பேனில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் தங்கள் கட்டுரையை அளித்தார்கள். அன்றைய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்துக்குள் இருந்த சொற்களை நம்பியே வரிசைப்படுத்தின. ஒரு பக்கத்தை எழுதியவர் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதைவிட, மற்றவர்கள் அந்தப் பக்கத்தைச் சுட்டுகிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும் என்பது இவர்கள் வாதம். ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையால் மதிப்பிடும் பழக்கம் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது. அதன் தொடர்ச்சியாகவே, இணைப்புகளை வைத்துப் பக்கத்துக்கு மதிப்பிடும் பேஜ்ரேங்க் என்ற சூத்திரம் பிறந்தது.

ஆனால் அவர்கள் இணைப்புகளை வெறுமனே எண்ணவில்லை. ஒரு பக்கம் பெற்ற மதிப்பு, அந்தப் பக்கத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளுக்கெல்லாம் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அப்படிப் பிரித்ததில் 0.85 பங்குதான் அடுத்த பக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. மதிப்பு 10 உள்ள ஒரு பெரிய பட்டியல் பக்கம் 1,000 தளங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.0085. மதிப்பு 1 மட்டுமே உள்ள ஒரு சிறு வலைப்பூப் பதிவு 5 தளங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் 0.17 கிடைக்கும். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் பட்டியலைவிட அந்தச் சிறு பதிவின் சுட்டுதல் 20 மடங்கு கனமானது.

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஊரில் விசாரிக்கிறோம். எல்லோரையும் நல்லவர் என்று சொல்லும் ஒருவருடைய வாக்கையும், யாரைப் பற்றியும் எளிதில் வாய் திறக்காத ஒருவருடைய வாக்கையும் நாம் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கணக்கைத்தான் இந்தச் சூத்திரமும் போடுகிறது.

செப்டம்பர் 6

கோவை நண்பர் கேட்டிருப்பது சரியான கேள்வி: சூத்திரம் இவ்வளவு கவனமாக இருந்தால், இணைப்பு விற்பவர்கள் எப்படி இத்தனை காலம் பிழைத்தார்கள்?

நேற்றுக் காட்டிய கணக்கிலேயே அதற்கான ஓட்டையும் இருக்கிறது. 1998ஆம் ஆண்டுக் கட்டுரையின் சூத்திரப்படி, யாருமே சுட்டாத ஒரு பக்கத்துக்கும் 0.15 மதிப்பு உண்டு. ஒருவர் 100 வெற்றுப் பக்கங்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இணைப்பை வைத்து, அவை அனைத்தையும் தன் கடைப் பக்கத்தை நோக்கித் திருப்பினார் என்று வைத்துக்கொள்வோம். 100 பக்கங்களின் மதிப்பு மொத்தம் 15, அதில் 0.85 பங்கு 12.75, கடைப் பக்கத்துக்கென்று உள்ள 0.15ஐச் சேர்த்தால் 12.9. எந்த மனிதரும் ஒரு சொல்கூடப் பரிந்துரைக்காமலே அந்தக் கடை, தனியாக நிற்கும் பக்கத்தைப்போல 86 மடங்கு மதிப்பைப் பெற்றுவிடுகிறது.

பக்கம் உருவாக்கச் செலவில்லாத உலகத்தில் இது பெரிய ஓட்டை. இணைப்புப் பண்ணைகள், தானாகவே பின்னூட்டம் இடும் நிரல்கள், ஒருவரே வேறு வேறு பெயரில் நடத்தும் பல தளங்கள் ஆகிய எல்லாமே இந்த 0.15ஐத் திரட்டும் வழிகள்தான். அதன்பின் கூகுள் இணைப்பைப் பற்றிச் செய்த பெரும்பாலான மாற்றங்களை, மனிதர் மனமறிந்து கொடுத்த இணைப்பையும் தொழிற்சாலையில் செய்த இணைப்பையும் பிரித்தறியும் முயற்சி என்றே நான் படிக்கிறேன்.

செப்டம்பர் 6, சற்றுப் பின்

'அந்த நிறுவனம் டிஏ 40க்கு மேல் உள்ள தளங்களில்தான் இணைப்புப் போடுவதாகச் சொல்கிறது' என்று கேள்வி கேட்டவர் சேர்த்திருக்கிறார். டிஏ என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனம் தளங்களுக்கு 1 முதல் 100 வரை போடும் மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. முன்பு கூகுளே தன் டூல்பாரில் பக்கத்தின் பேஜ்ரேங்கைக் குறிக்க 0 முதல் 10 வரை ஒரு பச்சைக் கோட்டைக் காட்டியது. 2000இல் வந்த அந்தக் கோடு 2016இல் எடுக்கப்படும்வரை, இணைப்பின் விலைப்பட்டியலே அதை வைத்துத்தான் எழுதப்பட்டது. அந்தக் கோடு போனதும் விற்பவர்களுக்கு வேறோர் எண் தேவைப்பட்டது; அந்த இடத்தில்தான் டிஏ வந்து உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 8

இணைப்பு வாங்கி முதல் பக்கத்துக்கு வந்தவர்கள் உண்டா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். உண்டு. மிகவும் அறியப்பட்டது, தரைவிரிப்பும் விற்கும் ஒரு கடையின் கதை.

அமெரிக்காவின் ஜேசி பென்னி நூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுள்ள பல்பொருள் அங்காடி நிறுவனம். 2010ஆம் ஆண்டின் இறுதி விற்பனைக் காலத்தில் ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு, அறைகலன் என்று எதைக் கூகுளில் தேடினாலும் அந்தக் கடையே முதலிடத்தில் அல்லது அதற்கு மிக அருகில் வந்தது. சாம்சொனைட் பயணப் பெட்டி என்று தேடினால், அந்தப் பெட்டியைச் செய்யும் சாம்சொனைட்டின் சொந்தத் தளத்தையே பின்னுக்குத் தள்ளி ஜேசி பென்னி முன்னே நின்றது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைத் துருவிப் பார்த்து 2011 பிப்ரவரியில் வெளியிட்டது. ஆடைக்கும் விரிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அந்தக் கடைக்கு இணைப்புகள் சென்றன. சூதாட்டத் தளங்களிலும், பல்கேரியாவில் வீடு விற்கும் தளத்திலும்கூட அவை செருகப்பட்டிருந்தன. பல தளங்கள் யாரும் கவனிக்காமல் கைவிடப்பட்டவை.

கூகுள் தன் ஆள்களைக் கொண்டு நேரடியாக அந்தக் கடையின் தரவரிசையைக் குறைத்தது. அந்தப் பயணப் பெட்டித் தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. வரவேற்பறை அறைகலன் தேடலில் முதலிடத்திலிருந்து 68ஆம் இடத்துக்கு. இணைப்புகள் தங்களுக்குத் தெரியாமல் போடப்பட்டவை என்று கடை மறுத்தது. தேடல் வேலையைப் பார்த்துவந்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது.

இதில் எனக்கு முக்கியமாகப்படுவது தண்டனை அன்று. பல மாதங்கள் அந்த இணைப்புகள் வேலை செய்தன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால், விற்பவர் அதையே சாட்சியாகக் காட்டும்போது நாம் வாயடைத்து நிற்போம். ஆனால் அது 2010. அடுத்த ஆண்டே நிலைமை மாறத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 24 அன்று பென்குயின் என்ற மாற்றம் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் ஏறத்தாழ 3.1 விழுக்காட்டில் அதன் விளைவு தெரியும் என்று கூகுளே அறிவித்தது. ஒரு நாளிதழ் கண்டுபிடித்துச் சொன்னதை அதன்பின் இயந்திரமே கண்டுபிடிக்கத் தொடங்கியது.

செப்டம்பர் 9

மாதிரி இணைப்புகள் ஐந்தையும் திறந்து பார்த்தேன். ஒன்று திறக்கவே இல்லை. இரண்டு, ஒரே வார்ப்பில் எடுத்த தளங்கள். பெயரும் நிறமும் மட்டும் வேறு. நான்காவதில் கார் காப்பீட்டைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரை. மூன்றாம் பத்தியின் நடுவே, முன்பின் தொடர்பில்லாமல் 'கைத்தறி ஜமக்காளம் விலை' என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர், அதில் உங்கள் தளத்தின் இணைப்பு. அடுத்த பத்தியில் முடி வளரும் எண்ணெய்க்கும், அதற்கடுத்த பத்தியில் இணையச் சூதாட்டத்துக்கும் அதேபோல் இணைப்புகள். ஐந்தாவது, கைவிடப்பட்ட ஒரு பள்ளியின் பழைய முகவரி. வேறு யாரோ வாங்கி இதே வேலைக்குத் திருப்பியிருக்கிறார்கள்.

நான்காவது பக்கத்தை நீங்களே ஒரு முறை வாசித்துப் பாருங்கள். கார் காப்பீடு வாங்க வந்த மனிதர் ஒருவர் அந்த இடத்தில் நின்று ஜமக்காளம் வாங்கப் புறப்படுவாரா? 2010இல் கூகுளுக்கு அளிக்கப்பட்ட ஒரு காப்புரிமையில், பக்கத்தில் இணைப்பு இருக்கும் இடம், சுற்றியுள்ள சொற்களோடு அதற்குள்ள தொடர்பு முதலியவற்றை வைத்து, வாசகர் அதைச் சொடுக்கும் வாய்ப்பைக் கணித்து அதற்கேற்ப மதிப்பைப் பிரிக்கலாம் என்று விளக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பர் 5 குறிப்பில் மதிப்பு 'சமமாக' பிரிகிறது என்று எழுதியது 1998ஆம் ஆண்டின் கணக்கு. அதை இன்றைய நடைமுறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செப்டம்பர் 9, பின்சேர்க்கை

அந்த ஐந்து இணைப்புகளால் தளத்துக்குக் கேடு வருமா என்ற கவலை வேண்டாம். 2016 செப்டம்பரில் பென்குயின் முறை கூகுளின் மைய வரிசைப்படுத்தலோடு சேர்ந்தபோது, பொய் இணைப்புகளுக்காகத் தளம் முழுவதையும் தாழ்த்துவதைவிட, அந்த இணைப்புகளையே மதிப்பிழக்கச் செய்யும் வழிக்கு அது மாறியது. 2022 டிசம்பரிலும் ஸ்பாம்பிரெய்ன் என்ற முறையைக் கொண்டு இத்தகைய இணைப்புகளின் பயனை நீக்குவதாக அறிவித்தார்கள். எனவே நடக்கக்கூடியது இதுதான்: பணம் போகும், பயன் வராது. அளவு மீறினால் கூகுளின் ஆள்கள் பார்த்து நேரடியாக நடவடிக்கை எடுப்பதும் உண்டு. அப்படி எடுத்தால், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அறிவிப்பு வரும். இணைப்புகளைத் துறக்கும் கருவி 2012 முதல் இருக்கிறது. ஐந்து இணைப்புகளுக்காக அதைத் தொட வேண்டியதில்லை.

செப்டம்பர் 11

மதுரை நண்பர், 'நோஃபாலோ போட்ட இணைப்புகளால் ஒரு பயனும் இல்லை, விக்கிப்பீடியாவில் இணைப்புப் பெற்றும் வீண்' என்று உறுதியாக எழுதியிருக்கிறார். அந்த உறுதி எனக்கு இல்லை.

வலைப்பூக்களில் பின்னூட்டக் குப்பை குவிந்த காலத்தில், 2005 ஜனவரியில், கூகுளும் யாஹூவும் எம்எஸ்என்னும் சேர்ந்து நோஃபாலோ என்ற குறியை ஏற்றன. 'இந்த இணைப்புக்கு நான் பொறுப்பேற்கவில்லை' என்று தள உரிமையாளர் தேடுபொறிக்குச் சொல்லும் வழி அது. 2019 செப்டம்பரில் விளம்பர இணைப்புக்கு ஒன்றும், வாசகர்கள் இடும் இணைப்புக்கு ஒன்றுமாக மேலும் இரண்டு குறிகள் வந்தன. இவற்றையெல்லாம் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாகக் கொள்வோம் என்றும் கூகுள் சொன்னது.

அதையும் விடுவோம். நான் பார்த்துக்கொள்ளும் ஓர் உள்ளூர் வரலாற்றுத் தளத்தில் ஏரி மதகுக் கல்வெட்டைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. படமும் பாடமும் உள்ள அந்தப் பக்கத்தை யாரோ ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் அடிக்குறிப்பாகச் சேர்த்தார். விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகள் எல்லாம் நோஃபாலோதான். எனவே கணக்கின்படி எங்களுக்கு எதுவும் வரக்கூடாது. ஆனால் அந்த அடிக்குறிப்பு வழியாக வந்து படித்தவர்களில் ஒரு கல்லூரி ஆசிரியர் தம் பாடப் பக்கத்தில் எங்களைச் சுட்டினார். பிறகு நீர்நிலைகளைப் பற்றி எழுதும் ஒருவர் தம் கட்டுரையில் சுட்டினார். இவை எந்தக் குறியும் இல்லாத இணைப்புகள். அதன்பிறகே அந்தப் பக்கம் தேடலில் மேலே வரத் தொடங்கியது. அடிக்குறிப்பு மதிப்பைக் கடத்தவில்லை; மதிப்பைக் கொடுக்கக்கூடிய மனிதர்களைக் கூட்டிவந்தது. மனிதர் வந்து போகாத 500 இணைப்புகளால் இது நடக்கவே நடக்காது.

செப்டம்பர் 13

இணைப்பில் எந்தச் சொற்கள் இருக்க வேண்டும் என்பது தனியாகப் பேச வேண்டிய செய்தி.

ஆங்கர் டெக்ஸ்ட் எனப்படும் இணைப்புச் சொற்களை, அவை இருக்கும் பக்கத்துக்கு மட்டுமன்றி அவை சுட்டும் பக்கத்துக்கும் உரியவையாகக் கொள்ள வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுக் கட்டுரையே சொன்னது. பக்கத்தில் இல்லாத சொல்லுக்கும் அந்தப் பக்கம் கிடைக்க இதுவே காரணம். 2003இல் வலைப்பதிவர்கள் பலர் கூடிப் பேசி, 'படுமோசமான தோல்வி' என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடரில் இணைப்பிட்டு, வெள்ளை மாளிகைத் தளத்தில் இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்தை அந்தத் தேடலில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சொற்கள் அப்பக்கத்தில் இல்லை. 2007 ஜனவரியில்தான் கூகுள் இத்தகைய கூட்டு முயற்சிகளை முறியடிக்கும் மாற்றத்தைச் செய்தது.

நம் தமிழ்த் தளங்களில் நேர்மாறான குறை. நல்லெண்ணத்தோடு இணைப்பிடுகிறவர்கள்கூட 'மேலும் அறிய இங்கே சொடுக்கவும்' என்று எழுதி, 'இங்கே' என்ற சொல்லில் இணைப்பை வைத்துவிடுகிறார்கள். வரலாற்றுத் தளத்துக்கு வரும் இணைப்புகளின் பட்டியலைச் சர்ச் கன்சோலில் பார்க்கும்போதெல்லாம் 'இங்கே', 'இந்தப் பக்கம்', 'இணைப்பு' என்றே வரிசையாக இருக்கும். அன்போடு கொடுத்த சான்றிதழில் பெயரே எழுதாமல் விட்டதுபோல் ஆகிவிடுகிறது. அதற்காக, உங்களைச் சுட்டுகிறவர்களிடம் 'பவானி ஜமக்காளம் ஆன்லைன் விலை' என்று ஒரே தொடரை எழுதச் சொல்லவும் கூடாது. மனிதர்கள் தாமாக எழுதும்போது சொற்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லா இணைப்பிலும் ஒரே தொடர் இருந்தால் அது எழுதிக்கொடுக்கப்பட்டது என்பது பார்த்தவுடன் தெரியும்.

செப்டம்பர் 15

இணைப்பே இனித் தேவையில்லை, காலம் மாறிவிட்டது என்ற கருத்தை மூவர் முன்வைத்திருக்கிறார்கள். அவர்கள் காட்டும் ஆதாரம் உண்மையானது. 2016இல் கூகுளின் தேடல் தரப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் உள்ளடக்கத்தையும் இணைப்பையும் முதன்மைக் காரணிகளாகக் குறிப்பிட்டார். 2023இல் அதே நிறுவனத்தின் கேரி இலீஸ், இணைப்பு முதல் மூன்று காரணிகளுள் இல்லை, மக்கள் அதை மிகையாக மதிக்கிறார்கள் என்றார். இணைப்பு முக்கியமே என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அந்தப் பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சில தேடல்களிலாவது இணைப்பை முழுவதும் விட்டுவிட்டுப் பார்க்கத் துணிந்த தேடுபொறி ஒன்று உண்டு. ரஷ்யாவின் யாண்டெக்ஸ். அங்கே இணைப்பு வாங்குவதும் விற்பதும் தனிச் சந்தைகளாகவே வளர்ந்திருந்தன. 2014இல், மாஸ்கோ வட்டாரத்தில் வீட்டுமனை, சுற்றுலா, மின்னணுப் பொருள் போன்ற சில வணிகத் தேடல்களுக்கு இணைப்பைக் கணக்கில் எடுப்பதை யாண்டெக்ஸ் நிறுத்தியது. நிறுத்திய பிறகும் கடைக்காரர்கள் இணைப்பு வாங்குவதை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு யாண்டெக்ஸ் வழியை மாற்றியது: 2015 மே மாதம் மினுசின்ஸ்க் என்ற சைபீரிய நகரத்தின் பெயரில் ஒரு முறையைக் கொண்டுவந்து, இணைப்பு வாங்கும் தளங்களைத் தரவரிசையில் கீழே இறக்கியது. மதிப்பே இல்லை என்று அறிவித்தும் நிற்காத வியாபாரம், தண்டனை வரும் என்றதும் சுருங்கத் தொடங்கியது.

கூகுளும் இணைப்பைக் கணக்கில் எடுக்காத ஒரு வடிவத்தை உள்ளே சோதித்துப் பார்த்ததாகவும், முடிவுகளின் தரம் மிகவும் மோசமாக இருந்ததாகவும் கூகுளின் ஸ்பாம் தடுப்புப் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த மேட் கட்ஸ் 2014இல் கூறினார். பத்தாண்டுகளில் சொற்பொருளை உணரும் திறன் மிகவும் கூடியிருக்கிறது. இன்று சோதித்தால் வேறுபாடு அன்றைய அளவுக்கு இராது என்று நினைக்கிறேன். ஆனாலும் இருவர் ஒரே செய்தியை ஒரே தரத்தில் எழுதும்போது யாரை நம்புவது என்பதற்கு வெளியார் சான்றைவிட வேறென்ன இருக்கிறது? உங்கள் விஷயத்தில் இதுவே கேள்வி. விசைத்தறி விரிப்பை விற்பவரும் 'அசல் கைத்தறி' என்றுதான் எழுதுகிறார். சொற்களை மட்டும் படித்தால் இருவரும் ஒன்றே.

செப்டம்பர் 18

புதிய இணைப்பைத் தேடும் முன், ஏற்கெனவே இருக்கும் இணைப்பு வீணாகிறதா என்று பாருங்கள். தமிழ்த் தளங்களில் நான் அதிகம் காணும் இழப்பு இதுதான்.

ஒரு சிறு நூலகத்தின் தளத்தைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். புதுப்பொலிவுக்காக அதை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள், அழகாகவே செய்துகொடுத்தார்கள். ஆனால் எல்லாப் பக்கங்களின் முகவரியும் மாறிவிட்டது. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிமாற்றம் எதுவும் வைக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் தேடல் வழியாக வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சர்வர் பதிவேட்டைத் திறந்தபோது காரணம் வரி வரியாகத் தெரிந்தது: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைப் பக்கங்களிலிருந்தும் பழைய வலைப்பூக்களிலிருந்தும் வந்தவர்கள், 404 என்ற 'பக்கம் இல்லை' அறிவிப்பில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகளாக வாசகர்கள் தாமாகக் கொடுத்த சான்றுகள் அவை. எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் எந்த எஸ்இஓ நிறுவனத்திடமும் வாங்க முடியாதவை. பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் புதியவற்றுக்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றம் செய்தோம். வழிமாற்றத்தால் பேஜ்ரேங்க் குறைவதில்லை என்று 2016இலேயே கூகுள் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். பழைய நிலைமை ஒரே நாளில் திரும்பவில்லை. தேடுபொறி அந்தப் பழைய பக்கங்களை மீண்டும் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 19

நேற்றைய குறிப்போடு சேர்த்து ஒன்று. பக்க முகவரியைத் தமிழ் எழுத்தில் வைப்பது எனக்கும் விருப்பமே. தரவரிசைக்கு அதனால் கேடில்லை. ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியும், எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு எழுதப்படும்போது 9 குறிகளாகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள். ஆகவே அந்த ஒரு சொல்லே 45 குறிகளாக நீளும். ஐந்தாறு சொற்கள் கொண்ட தலைப்பு முகவரியானால் அது மின்னஞ்சலில் வரி உடைந்து, பாதியில் அறுந்து போகிறது. அறுந்த முகவரியை ஒட்டியவருக்கு அது தெரிவதில்லை. 404 பட்டியலில் இப்படிப் பாதியில் நின்ற முகவரிகளைக் கண்டால் அவற்றையும் சரியான பக்கத்துக்கு வழிமாற்றிவிடுங்கள். புதிய பக்கங்களுக்கு முகவரியில் இரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம்.

செப்டம்பர் 24

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதை மற்றவர்களும் பார்க்க வேண்டும். 'வாங்கியவர்கள் பலர் எங்களை வாட்ஸ்அப் குழுக்களில் பரிந்துரைக்கிறார்கள், முகநூலில் படம் போடுகிறார்கள். ஆனால் ஒருவர்கூட இணைப்பு என்று எதுவும் கொடுத்ததில்லை.'

இது உங்கள் ஒருவருடைய நிலை மட்டுமன்று. வலைப்பூப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் உயிரோடு இருந்த காலத்தில் ஒருவர் தமக்குப் பிடித்ததைச் சொல்ல வலைப்பூவில் எழுதினார், எழுதினால் இணைப்பிட்டார். இன்று அந்தப் பேச்செல்லாம் வாட்ஸ்அப்புக்குள் போய்விட்டது. அங்கே நடக்கும் பரிந்துரை எந்தத் தேடுபொறியின் கண்ணிலும் படாது. முகநூலில் உள்ளதும் பெரும்பாலும் அப்படியே. உங்களுக்குச் சான்று இல்லை என்று எண்ண வேண்டாம். சான்று இருக்கிறது, தேடுபொறி எட்டிப்பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறது.

எனவே அதை வெளியே கொண்டுவர வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களில் சொந்தத் தளம் உள்ளவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளிகள், தங்கும் விடுதிகள், யோகா நிலையங்கள், உள் அலங்காரம் செய்பவர்கள் என்று சிலராவது இருப்பார்கள். அவர்கள் தங்கள் தளத்தில் உங்கள் விரிப்பின் படத்தை ஏற்கெனவே போட்டிருக்கக்கூடும்; நெய்தவர் பெயரோடு இணைப்பையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பணமோ தள்ளுபடியோ கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் ஓவர்ஸ்டாக் என்ற இணையக் கடை, கல்லூரித் தளங்களில் இணைப்பு வைப்பதற்காகத் தள்ளுபடி கொடுத்ததால், ஜேசி பென்னி விழுந்த அதே 2011 பிப்ரவரியில் தரவரிசையில் விழுந்தது.

அடுத்தது, சுட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். உங்கள் தளத்தில் இப்போது இருப்பது விலையும் படமும் மட்டுமே. விலைப்பட்டியலை யாரும் மேற்கோள் காட்டமாட்டார்கள். கைத்தறி ஜமக்காளத்தையும் விசைத்தறி விரிப்பையும் எப்படி வேறுபடுத்துவது என்று நீங்கள் என்னிடம் தொலைபேசியில் சொன்னதை, கரை ஓரத்தையும் பின்பக்கத்தையும் அருகில் எடுத்த படங்களோடு அப்படியே ஒரு பக்கமாக எழுதுங்கள். குழித்தறியில் பாவு ஏற்றுவது முதல் மடித்துக் கட்டுவது வரை இன்னொரு பக்கம். கைத்தறியைப் பற்றி எழுதும் செய்தியாளருக்கும், பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்கும், விக்கிப்பீடியாவில் திருத்தம் செய்பவருக்கும் அது தேவைப்படும். எழுதியபின் உங்கள் முகப்புப் பக்கத்திலிருந்து அவற்றுக்கு இணைப்புக் கொடுங்கள். உள்ளிருந்தும் யாரும் சுட்டாத பக்கத்தைத் தேடுபொறி எளிதில் கண்டுகொள்வதில்லை.

எத்தனை இணைப்பு வேண்டும் என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். எண் சொல்ல மாட்டேன். உங்களுக்கு முன்னே நிற்கும் தளங்களுக்கு வரும் இணைப்புகளைத் திறந்து பார்த்தவரை, அவற்றில் பெரும்பாலானவை செப்டம்பர் 9இல் நான் விவரித்த வகையே. தாமாக வந்தவை மிகச் சில. ஜமக்காளம் போன்ற குறுகிய துறையில், துறை அறிந்தவர்கள் கொடுக்கும் சில இணைப்புகளே நிலைமையை மாற்றக்கூடும் என்பது என் கணிப்பு. பக்கங்களை எழுதி முடித்ததும் முகவரியை இங்கே இடுங்கள்; வரலாற்றுத் தளத்தில் பவானிக் கூடுதுறையைப் பற்றிய பக்கம் ஒன்று இருக்கிறது, நெசவைப் பற்றிய பத்தியும் அதில் உண்டு. நீங்கள் எழுதுவது அந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் பயன்படுமானால் அங்கிருந்து சுட்டுகிறேன். பயன்படாவிட்டால் எதைச் சேர்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.